பங்களா பார்க்க வந்தவர்கள்

யுத்தம் முடிந்த வருஷம் அது. அல்லிநகரத்தில், காலமான பஞ்சு மில் முதலாளியின் பங்களாவை ஊரார் பார்வைக்குத் திறந்துவிட்டிருந்தார்கள். ஜெயமங்கலத்திலிருந்து சுருளியாண்டியும் அவர் மனைவி ராக்கம்மாளும் மாட்டுவண்டியில் வந்து இறங்கினார்கள். சுற்றிக்காட்டும் இளைஞன் கும்பிட்டு உள்ளே அழைத்துப்போனான்.

மற்றவர்கள் வாய்பிளக்கும் ஆளுயரக் கடிகாரத்தை ராக்கம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“கோடையில கெணத்துல தண்ணி கெடக்குமா?”

“வத்தவே வத்தாதும்மா.”

கட்டிலை அழுத்திப் பார்த்தாள். “ரெண்டு பேரு தாராளமாப் படுக்கலாம்.”

“முதலாளி படுத்த கட்டில். தொடக்கூடாதும்மா.”

“அவுக சம்சாரம் எங்க?”

“மதுரையில மக வீட்டோட இருக்காக. இனிமே இங்கிட்டு வர மாட்டாக.”

“நல்லதாப் போச்சு” என்றாள் ராக்கம்மாள். இளைஞனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அடுப்படி, மாட்டுக்கொட்டம் எல்லாம் பார்த்து முடித்ததும் அவள் கணவனைப் பார்த்துத் தலையசைத்தாள். சுருளியாண்டி தொண்டையைச் செருமினார்.

“வீடு எங்களுக்குப் பிடிச்சுப்போச்சு தம்பி. பொண்ணக் குடுக்குறோம். மாப்பிள்ளையக் கூப்பிடுங்க.”

“எந்த மாப்பிள்ளை?”

“கருத்தக்கண்ணன். முதலாளி பங்களாவுலதான் இருக்காருன்னு தரகர் சொன்னாரே.”

இளைஞன் தலைப்பாவைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

“அது நான்தான்.”

ராக்கம்மாள் அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டாள். தொடக்கூடாது என்று இந்தத் தடவை அவன் சொல்லவில்லை.

“அப்ப இந்த வீடு?” என்றார் சுருளியாண்டி.

“சாயங்காலம் பூட்டுற வரைக்கும் இங்கனதான் இருப்பேன், மாமா.”