இடுக்கியின் இருபது வருஷ அனுபவம்

அநியாயம் நடந்தது குடைமிளகாய்க்குத்தான். அடுப்புத் தீயில் கிடந்து கருகி வந்தது அது. ஆனால் தீ எப்படியிருக்கும் என்று கேட்டபோது, அதை வாய் திறக்கவே விடாமல் பதில் சொன்னது, அதைத் தீயில் பிடித்திருந்த இடுக்கி.

கேட்டது, அடுத்துச் சுடுவதற்காக எண்ணெய் தடவி வைத்திருந்த கத்தரிக்காய். "ரொம்பச் சுடுமா அக்கா?" என்று அது குடைமிளகாயைத்தான் கேட்டது.

"சூடாவது ஒண்ணாவது! தினமும் தீக்குள்ளே நிக்கிறவன் நான். என்னைக் கேளு," என்றது இடுக்கி.

குடைமிளகாய் விடவில்லை. "சுடும் தம்பி. அதுக்காகப் பயப்படாதே. ஆனா போறதுக்கு முன்னாடி கத்திகிட்ட நாலு கீறல் வாங்கிக்கோ. இல்லேன்னா உள்ளே ஆவி சேர்ந்து வெடிச்சிருவே. என் விலாவைப் பாரு, எப்படிக் கிழிஞ்சு கிடக்கு!"

இடுக்கி கலகலவென்று சிரித்தது. "உனக்கு ஒரு நாள் அனுபவம், எனக்கு இருபது வருஷம். எனக்கு யாரு கீறல் போட்டா? நான் வெடிச்சேனா? கீறல் கேக்கிறதெல்லாம் கோழைங்கடா. நீ வா."

கத்தரிக்காய்க்கு ரோஷம் வந்துவிட்டது. கீறலே இல்லாமல் இடுக்கியின் வாய்க்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அடுப்பும் பற்றிக்கொண்டது. தீயைப் பார்த்ததும் கத்தரிக்காய் குடைமிளகாய் பக்கம் திரும்பியது.

"அக்கா, அண்ணன் சொல்றது நியாயம்தானே?"

குடைமிளகாய்க்கு வந்த கோபத்தில் கருகிய தோல் தானாகவே உரிந்து விழுந்தது.

"அண்ணன் இருபது வருஷமா தீக்குள்ளே போய்ட்டு வர்றாரு, சரி. ஒரு நாளாவது வெந்திருக்காரான்னு கேளுடா!"