மரியாதை அளவு

புதுப் போன் வாங்கிய அன்றே மேகலா அதற்குத் தன் குரலைப் பழக்கிவிட்டாள். இனி மாலை ஆறு மணியானால் சொந்தக்காரர்களை அதுவே அழைத்து, அவளைப் போலவே பேசி நலம் விசாரிக்கும். நாத்தனார் பூங்கோதைக்கு மட்டும் மரியாதையை முழு அளவில் வைத்தாள். வளைகாப்புக்கு நேரில் வந்து அழைக்கவில்லை என்று ஒரு வருடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவர் ஆயிற்றே!

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூங்கோதை, கணவரும் நான்கு பெட்டிகளுமாக வாசலில் வந்து நின்றார்.

“பத்து நாளாவது தங்கணும்னு தினமும் கெஞ்சினியாமே, வந்துட்டோம்!”

“வாங்க அண்ணி,” என்று சிரித்துவைத்த மேகலா, சமையலறைக்குள் ஓடிப்போய், வந்த ஆத்திரத்தில் போனின் மரியாதையைப் பூஜ்யத்துக்கு இறக்கினாள். அப்போது மணி ஆறானது.

கூடத்தில், பூங்கோதையின் கைப்பைக்குள் மேகலாவின் குரல் கணீரென்று கேட்டது. “எப்ப கிளம்புறீங்க?”

“உன்னை விட்டுட்டுக் கிளம்ப மனசு வருமாம்மா?” என்றது பூங்கோதையின் குரல், அவர் வாயைத் திறக்காமலே.

ஓடிவந்த மேகலாவைப் பூங்கோதை அசடு வழியப் பார்த்தார். “நானும் என் போன்ல மரியாதையை முழு அளவுதான் வெச்சிருக்கேன். அதுக்கு மாட்டேன்னு சொல்லவே வராது. எனக்கு என் கட்டில்ல படுத்தாத்தான் தூக்கமே வரும், மேகலா.”

சிரித்து ஓய்ந்தபின் மேகலா தன் வாயாலேயே சொன்னாள். “சாப்பிட்டுட்டாவது போங்க அண்ணி.”

பூங்கோதை கைப்பையை இறுக மூடினார். “என்ன குழம்பு?”