எட்டாவது இடைவெளி

எட்டுப் பெட்டி ரயிலில் பெட்டிகளுக்கிடையே ஏழு இடைவெளிகள்தான் இருக்கும். அதிவேகத்தில் காற்று அவற்றுக்குள் புகுந்து சுழன்று அலறும். அதை அடக்குவதுதான் என் வேலை. ஏழையும் ரப்பர் உறையால் மூடினோம், ஏழு அலறல்களும் நின்றன. ஆனால் கடைசிப் பெட்டிக்குப் பின்னாலும் ஓர் இடைவெளி அலறுவதாகத் தண்டவாள ஓரத்து மைக்குகள் காட்டின.

மூன்று முறை மைக்குகளை மாற்றிப் பார்த்தோம். எட்டாவது அலறல் அசையவில்லை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"பேசாம வண்டிக்குப் பின்னாடியும் ஒரு உறைய மாட்டிடலாமா சார்?" என்று கிண்டலடித்தார் டெக்னீஷியன்.

நேற்று, எரிச்சலில், அதையும் மாட்டச் சொன்னேன்.

இன்று காலை எட்டுப் பெட்டிகளோடு வண்டி கடந்துபோனது. மைக்குகளின் திரையில் ஒலிக்கோடு தட்டையாக ஓடியது. எல்லோரும் கைதட்டினார்கள்.

தினமும் அதே வண்டியில் வேலைக்குப் போகும் என் மனைவி அப்போது போனில் கூப்பிட்டாள்.

"என்னங்க, எட்டுல கூட்டம்னு வழக்கம்போல ஒன்பதாவது பெட்டியில ஏறிட்டேன். இன்னைக்குச் சத்தமே இல்ல. ஆனா எட்டுக்குப் போற வழிய யாரோ ரப்பர் வச்சு மூடியிருக்காங்க. இங்க இருக்கறவங்க எல்லாரும் என்னையே பாக்கறாங்க."