மேசைக்கு மேலே இருந்த கை

நூற்று அறுபத்தெட்டு மணி நேரம் கழித்து அந்த அட்டை மறுபடியும் மேசை நடுவில் இருந்தது.

வெள்ளைப் பக்கம் மேலே. அதில் டீ டம்ளர் பதித்த பழுப்பு வட்டங்கள்.

அவள் வழக்கம்போல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தில்லை நகரில் ஒரு பேக்கரியின் மாடி. ஞாயிறு காலை. கீழேயிருந்து பப்ஸ் வாசனை ஏறி வந்தது.

எதிரே எழில். கதையைச் சொல்லி ஆட்டத்தை நடத்துபவள். இரண்டு வருடமாக ஒரே கதை. அதன் ஆறுகள், மலைகள், டிராகன்கள், ராஜாவுக்கும் உப்பு வியாபாரிகளுக்கும் நடக்கும் சண்டை வரைக்கும் எல்லாம் எழில் யோசித்தவை. மற்றவர்களுக்குக் கதைக்குள் ஆளுக்கொரு வேடம். செய்ய நினைத்தது நடக்குமா என்பதைப் பகடை சொல்லும்.

அவளுடைய வேடம் ஒரு ஊமை வில்லாளி. அதிகம் பேச வேண்டியிருக்காது என்றுதான் எடுத்துக்கொண்டாள்.

அட்டையும் எழில் கொண்டுவந்ததே. கதை எங்கேனும் தாங்க முடியாமல் போனால் யார் வேண்டுமானாலும் அதைத் திருப்பலாம். அடிப்பக்கம் சிவப்பு. சிவப்பு தெரிந்தால் அந்தக் காட்சி அதோடு சரி.

யார் என்று கேட்கக் கூடாது. ஏன் என்றும்.

யாரும் திருப்பியதில்லை. கூட ஆடும் பெனடிக்ட் அதன்மேல்தான் டம்ளர் வைப்பான்.

"ஃபெமினிசத்தால நமக்கும் ஒரு பிரயோஜனம் வேணாமா," என்பான்.

அவளும் சிரித்திருக்கிறாள்.

போன ஞாயிறு ஹரிஹரனின் வீரன் ஒரு கோட்டையைப் பிடித்தான். உள்ளே ஓர் அறை. அறையில் கொள்ளையர்கள் அடைத்துவைத்த ஒரு பெண். அவளை விடுவிப்பார்கள் என்று நினைத்துத்தான் எழில் அங்கே வைத்திருந்தாள்.

ஹரிஹரன் கதவைச் சாத்துவதாகச் சொன்னான். பிறகு என்ன செய்யப் போகிறான் என்பதைச் சிரித்தபடி சொல்ல ஆரம்பித்தான்.

"அந்தக் காலத்துல நடந்ததுதானே எழில். யதார்த்தம்."

"டிராகன் பறக்குது. செத்தவன் எந்திரிச்சு வர்றான். உனக்கு யதார்த்தம் இந்த ரூம்ல மட்டுந்தான் ஞாபகம் வருதா?"

"பகடை சொல்லட்டும்," என்று உருட்டினான்.

ஓரத்து நாற்காலியில் அவள் கை மடியிலிருந்து எழுந்தது. அட்டை ஒரு முழத் தூரத்தில்.

கை மடிக்கே திரும்பியது.

பகடை மேசையின் விளிம்பைத் தாண்டிக் கீழே விழுந்தது. விழுந்த இடத்தில் என்ன எண்ணோ அதுதான் கணக்கு. தொடாமல், எல்லோரும் பார்க்க வேண்டும். அவர்கள் வழக்கம் அது. பார்க்கக் குனிந்தார்கள். மேசைக்கடியில் தலைகள் இடித்துக்கொண்டன.

நிமிர்ந்தபோது அட்டை சிவப்பாக இருந்தது.

டம்ளர் ஓரமாக நகர்ந்திருந்தது. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

எழில் சற்றும் தடுமாறவில்லை. "கோட்டைக்கு வெளியில நிக்கிறீங்க. மழை பெய்யுது," என்று கதையைத் தொடர்ந்தாள்.

ஆட்டம் நடத்துபவள் குனிவதில்லை. அதனால் திருப்பியது எழில்தான் என்று மற்றவர்கள் முடிவு கட்டினார்கள்.

வாரம் முழுவதும் வாட்ஸப் குழுவில் அதே பேச்சு. நடத்துபவளே நிறுத்தினால் அது தணிக்கை. வாளால் வெட்டினால் புண்படாதவர்கள் இதற்கு மட்டும் ஏன் புண்படுகிறார்கள். பெண்கள் வந்தாலே சட்டதிட்டம்தான். யாரோ எழிலின் முகத்தை வைத்து ஸ்டிக்கர் செய்தார்கள்.

வாதங்களுக்கெல்லாம் எழில் நிதானமாகப் பதில் எழுதினாள். "நீதானே?" என்ற கேள்விக்கு மட்டும் எழுதவில்லை.

அவள் அதையே யோசித்துக்கொண்டிருந்தாள். எழிலுக்கு அட்டை எதற்கு? கதையே எழில் கையில். ஒரு வாக்கியத்தில் அறையை இடித்துத் தள்ளியிருக்கலாம்.

அப்படியானால் திருப்பியது வேறு யாரோ. எழில் அதைப் பார்த்திருக்கிறாள்.

'நான் இல்லை' என்று இரண்டு சொல் எழுதியிருந்தால் போதும். எழுதினால் அடுத்த நிமிடமே மற்றவர்களின் கைகளை எண்ண ஆரம்பிப்பார்கள்.

ஸ்டிக்கர்கள் வந்துகொண்டே இருந்தன. எழில் அந்த இரண்டு சொல்லை எழுதவே இல்லை.

இப்போது ஹரிஹரன் மேசையில் விரலால் தட்டினான்.

"யாரு திருப்பினதுன்னு இன்னிக்குத் தெரிஞ்சாகணும். இல்லன்னா அட்டையும் வேணாம், நீ நடத்தவும் வேணாம். நான் பாத்துக்கறேன்."

பெனடிக்ட் சூடான டம்ளரைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"கேக்க மாட்டோம்னு சொல்லித்தான் வெச்சேன்," என்றாள் எழில்.

குரல் உயரவில்லை. பகடைகளை ஒவ்வொன்றாகச் சுருக்குப்பையில் போட ஆரம்பித்தாள். பிறகு வரைபடத்தைச் சுருட்டினாள். ஆறுகள் உள்ளே போயின. மலைகள் போயின.

ஓரத்தில் இருந்தவள் நாற்காலியை முன்னே இழுத்தாள்.

"நான்தான் திருப்பினேன்."

எல்லோரும் ஓரத்து நாற்காலியைப் பார்த்தார்கள்.

"பார்றா, ஊமைக்குப் பேச்சு வந்துருச்சு," என்றான் ஹரிஹரன்.

எழிலின் கை வரைபடத்தின்மேல் நின்றது. அவளைப் பார்த்து மெல்லத் தலையசைத்தாள். வேண்டாம் என்பதுபோல்.

"நீயா? எப்ப? நீ என் பக்கத்துல குனிஞ்சு கெடந்த. உன் தலைதான் என் தலைல இடிச்சுது," என்றான் ஹரிஹரன்.

அவள் அவனையே பார்த்தாள். பார்வையைத் தாழ்த்தவில்லை.

பெனடிக்ட் டம்ளரைக் கீழே வைத்தான். அட்டையின்மேல் இல்லை. பக்கத்தில், வெறும் மரத்தில்.

"அந்தப் புள்ளைய விடு, மச்சான்," என்றான். "நீங்கல்லாம் குனிஞ்சீங்க. நான் குனியல."