மேடு தட்டிய முகம்

ஜன்னலோர நாற்காலியில் மனைவி, மாடிப்படியின் கீழ்ப்படியில் மகள், நிலைக்கண்ணாடிக்கு முன்னால் ஓவியர். பிழைக்க வந்த நாட்டில் ஊரார் முகங்களை வரைந்தே தலை நரைத்தவர், முதன்முறையாகத் தன் முகத்தை வரைந்துகொண்டிருந்தார்.

“தொட்டா வழுக்குற மாதிரி வரைவீங்களே! இப்ப என்ன, மூக்கு மேல சாயத்தை அப்பி வச்சிருக்கீங்க? சுவத்துக்குப் பூசுற மாதிரி?” என்றாள் மனைவி.

அவர் தூக்கத்தில் நடப்பவர்போலக் கண்ணை மூடித் தன் புருவத்தைத் தடவினார். பிறகு படத்தின் புருவத்தில் இன்னொரு பூச்சு ஏற்றினார்.

மகள் பதறி எழுந்து வந்தாள். “அப்பா, மறைக்காம சொல்லுங்க. கண்ணுல ஏதாவது கோளாறா?”

“ஆமாம்மா. சுத்தமா தெரியல. போன வாரம்தான் எனக்கே தெரிஞ்சுது.”

“ஐயோ, நமக்குச் சோறு போடுற கண்ணாச்சே!” என்று மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“எனக்கில்லடி, ஊர்ல அம்மாவுக்கு. தங்கச்சி போன் பண்ணினா. ‘பெரியவன் முகத்தை ஒரு தடவை தடவிப் பாக்கணும்’னு கேட்டுக்கிட்டே இருக்காங்களாம். நமக்குத்தான் இந்த வருஷமும் விசா பேப்பர் வரலையே, எப்படிப் போறது?”

மேல்சாயம் காய்ந்ததும் மனைவி கண்ணை இறுக மூடிக்கொண்டு படத்தின்மேல் விரலை ஓட்டினாள். விரல் இடது புருவத்தில் நின்றது.

“தழும்பைக் காணோமே! அத்தை முதல்ல அதைத்தானே தேடுவாங்க?”

அவர் கத்தி நுனியால் படத்தின் புருவத்தில் மெல்லக் கீறினார்.

பிறகு தங்கைக்கு எழுதினார்: “அம்மாவிடம் யார் என்று சொல்லாதே. கையை மட்டும் எடுத்துப் படத்தின்மேல் வை.”

உறையை ஒட்டி, படத்தோடு தபாலில் சேர்த்தார்.