வட்டமா தேய்க்காதடி!

அரியலூர்ல பஸ் ஏறினப்பவே ஜெயசுதா சண்டைக்குத் தயாராகிட்டா.

பின்னே? குரும்பலூர்ல அண்ணன் வீரமணி ஆறு மாசமா படுத்த படுக்கை. பைக்ல போனப்ப மாடு குறுக்க வந்து, விழுந்ததுல இடுப்பு எலும்பு முறிஞ்சு போச்சு. அண்ணியாகப்பட்டவ பக்கத்துல இருந்து பார்க்கணுமா, வாசல்ல நின்னு காரைத் தேய்க்கணுமா?

எதிர்வீட்டு மாயவன்தான் போன் பண்ணியிருந்தாரு. "பத்து நாளா தேய்க்குதும்மா உங்க அண்ணி. விக்கப் போகுது போலருக்கு."

அந்தக் காரு அண்ணனுக்கு உசிரு. பழைய சிவப்பு மாருதி. அதை வாடகைக்கு ஓட்டித்தான் இவ கல்யாணத்தையே முடிச்சு வெச்சான். அதைப் போயி விக்கிறதா? விட்டுடுவாளா ஜெயசுதா!

வந்து பார்த்தா, கொளுத்துற வெயில்ல அண்ணி மஞ்சு நிக்கிறா. புடவையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு, கிழிஞ்ச பனியன்ல காருக்குப் பாலிஷ் போடுற காம்பவுண்டுப் பசையைத் தொட்டு, கதவுல வட்டம் வட்டமா தேய்க்கிறா. கையெல்லாம் சிவப்பு.

"என்ன அண்ணி, பெயிண்டையே உரிச்சு எடுத்துட்டீங்க போல?"

"வா ஜெயா. இது செத்த பெயிண்ட்டு. இது போனாத்தான் உள்ள இருக்கிற சிவப்பு வெளிய வரும். பட்டறையில மெஷின்ல போட நாலாயிரம் கேக்குறான், அதுக்கு நான் எங்க போறது? ஒரு சின்ன டப்பா வாங்கியாந்தேன். மிச்சத்துக்குக் கை இருக்கு."

சிரிப்பு வேற!

ஜன்னல் உள்ளேருந்து அண்ணன் சத்தம் போட்டான். "வட்டமா தேய்க்காதடி! கோடு விழும்! நேரா இழு!"

மஞ்சு காதுலயே போட்டுக்கல. இன்னும் பெரிய வட்டமா போட்டா.

"வெயில்ல தேய்க்காதேன்னு எத்தனை தடவை சொல்றது? காஞ்சு போயி ஒட்டிக்கும்டி! நிழலுக்குத் தள்ளு!"

"ஆகட்டும், ஆகட்டும்"னுட்டு அதே வெயில்ல அடுத்த கதவுக்குப் போனா.

ஜெயசுதாவுக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. முடியாம கெடக்குற மனுசனை இப்புடியா வதைப்பா ஒருத்தி?

விறுவிறுன்னு காரைச் சுத்தி வந்தா. அந்தப் பக்கம் துணியே படல. சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெளுத்துக் கெடந்துச்சு.

"ஓ! போட்டோ எடுக்க ஒரு பக்கம் போதும்ல? யாருக்கு விக்கிறீங்க? அட்வான்ஸ் வாங்கியாச்சா?"

மஞ்சு கை நின்னுச்சு. "விக்கிறதா? யாரு சொன்னா?"

"யாரு சொன்னா என்ன? அந்த மனுசன் உள்ள கத்துறது உங்க காதுல விழுதா, இல்லையா?"

"நல்லா விழுது. அதுக்குத்தானே தேய்க்கிறேன்."

"என்னது?"

மஞ்சு கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினா. "போன தடவை நீ வந்தப்ப, உங்க அண்ணன் உன்கிட்ட எத்தனை வார்த்தை பேசுனாரு?"

ஜெயசுதா யோசிச்சா. ரெண்டு மணி நேரம் பக்கத்துலயே உக்காந்திருந்தா. அண்ணன் சுவத்தைப் பார்த்துப் படுத்திருந்தான். ஒரு வார்த்தை இல்லை.

"எலும்பு கூடிடுச்சு, எந்திரிச்சு நடக்கணும்னு டாக்டர் தலைப்பாடா அடிச்சுக்கிட்டாரு. இவரு அசையல. வாக்கர்ல துண்டுதான் காயுது. காரு பாழாப் போகுதேன்னு அன்னிக்குச் சும்மா எடுத்துத் தேய்ச்சேன். அவசரத்துல வட்டமா போயிடுச்சு. நாலு மாசமா வாயத் திறக்காத மனுசன் 'ஏய்'னு கத்துனாரு ஜெயா! மறுநாளு வேணும்னே தப்பா தேய்ச்சேன். ஜன்னல் கம்பியைப் பிடிச்சு எந்திரிச்சு உக்காந்துட்டாரு."

"ஐயோ, அப்ப காரு?"

"விடியக்காலம் அவரு தூங்குறப்ப நேரா இழுத்துச் சரி பண்ணிடுவேன். பத்து வருசமா அவரு கூட நின்னு தேய்ச்சவ, எனக்குத் தெரியாதா?"

ஜெயசுதா வெளுத்த பக்கத்தைத் திரும்பிப் பார்த்தா. "அந்தப் பக்கம் ஏன் அப்புடியே விட்டுட்டீங்க?"

"அது ஜன்னல்லேருந்து தெரியாது. பார்க்கணும்னா அவரு எந்திரிச்சுத்தான் வரணும்."

ஜெயசுதா கண்ணைத் துடைச்சுக்கிட்டா. முந்தானையை இழுத்துச் சொருகினா. வெளுத்த பக்கமா போயி நின்னு, தெருவுக்கே கேக்குற மாதிரி குரல் கொடுத்தா.

"அண்ணே, ஜெயா வந்திருக்கேன்! இந்தப் பக்கத்தை நான் பாத்துக்கறேன். அண்ணி, பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரைக் கொண்டாங்க!"

"அடிப்பாவி! காரைத் தொட்டே, கையை ஒடிச்சுப்புடுவேன்! இருடி, வரேன்!"

உள்ள கட்டில் கிரீச்சுன்னுச்சு. தரையில ஏதோ உரசுச்சு. ஒரு எட்டு. இன்னொரு எட்டு.

காயப்போட்ட துண்டைக்கூட எடுக்காம, வாக்கர் வாசப்படிக்கு வந்துக்கிட்டு இருந்துச்சு.