சனிக்கிழமை ஆலோசகர்

மூன்று மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது சித்தார்த்தன் எழுந்து ஜன்னலைச் சாத்தினான்.

“வக்கீலு கேஸ் பேசப் போறாரு, கத்தாதீங்கடா டேய்!” வெளியே லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள்.

மின்விசிறியையும் நிறுத்தினான். அதன் கடகட சத்தம் போனில் கேட்கும். தகரக் கூரைக்குக் கீழே அறை கொதித்தது.

அவன் படித்த சட்டக் கல்லூரியில், வரிச் சட்டத்தில் எல்.எல்.எம். படிப்பவர்களுக்குச் சனிக்கிழமைதோறும் பழைய மாணவர்கள் போனில் ஆலோசனை சொல்வார்கள். எந்த வேலைக்குப் போகலாம், மேலே என்ன படிக்கலாம் என்று. ஆளுக்குப் பதினைந்து நிமிடம். பட்டியலில் அவன் பெயருக்கு எதிரே ‘வரி வழக்கறிஞர், சென்னை’ என்று போட்டிருந்தது.

அது மூன்று வருடத்துக்கு முந்தைய விவரம். மாற்றச் சொல்லி அவன் எழுதவில்லை. இப்போது அவன் உட்கார்ந்திருப்பது மரக்காணத்தில், ஓர் உப்புக் கிடங்கின் முன்னறையில். பன்னாட்டு நிறுவனங்களின் வரியைப் பற்றி நூற்றிருபது பக்க ஆய்வேடு எழுதியவன், லாரிக்கு எத்தனை மூட்டை என்று சீட்டு எழுதிக் கொடுக்கிறான்.

வாரத்தில் இந்த ஒரு மணி நேரம்தான் யாராவது அவனை ‘சார்’ என்பார்கள்.

அன்றைக்கு முதலில் கூப்பிட்டது சகாயசெல்வி என்ற பெண். கடைசி செமஸ்டர்.

சொல்ல வேண்டியதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். புதுத் தீர்ப்பாயங்கள் வருகின்றன. ஆள் தேவைப்படும். பொறுமையாக இருங்கள். கூடவே, கல்லூரி ஆசிரியர் வேலைக்கான ‘நெட்’ தேர்வும் எழுதி வையுங்கள்.

“சென்னையில ஒரு சீனியர் ஜூனியரா வரச் சொல்லியிருக்காரு சார். ஊர்ல ஒரு ஆபீஸ் வேலையும் வந்திருக்குது. எங்கப்பா அளத்துல உப்பு வாருறவரு. எதை விடுறதுன்னே தெரியல.”

உப்பளத்தை ‘அளம்’ என்று அவள் சொன்ன விதத்தில் மனப்பாடம் நின்றுவிட்டது. சொந்த விவரம் விசாரிக்கக் கூடாது என்பது கல்லூரியின் விதி. எந்த ஊர் என்று கேட்டான். அனுமந்தை என்றாள். கிடங்கிலிருந்து பைக்கில் போய்விடும் தூரம்.

மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவன் உள்ளதைச் சொன்னான்.

“நாலு வருஷம் ஜூனியரா இருந்தேம்மா. கோர்ட்ல நான் வாயைத் திறந்து பேசினது ஒரே வரி. அடுத்த தேதி குடுங்கன்னு. கேஸ் தானா வராது. வரணும்னா நமக்கு ஒரு மாமா ஆடிட்டரா இருக்கணும். உங்களுக்கு இருக்காரா?”

“எங்க மாமா போட்டுல மீனுக்குப் போறவரு சார்.”

இருவரும் சிரித்தார்கள்.

அதன்பின் அவனால் நிறுத்த முடியவில்லை. பழவந்தாங்கலில் நான்கு பேர் மாறி மாறிப் படுத்த அறை. சீனியரின் மகன் படிப்பை முடித்து வந்த அன்று, தன் மேசை ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் நகர்ந்தது. தீபாவளிக்கு ஊருக்கு வர, பஸ் டிக்கெட்டுக்கு அம்மாவிடமே கேட்டது. எல்லாவற்றையும் சொன்னான். ஒரேயடியாகத் திரும்பி வந்ததை மட்டும் சொல்லவில்லை.

“ஊர் வேலையை விடாதீங்க. வீட்டுச் சாப்பாடு, மாசமானா சம்பளம். நாளைக்கே சரின்னு சொல்லிடுங்க.”

அவள் பெருமூச்சு விடுவது கேட்டது. “இதை யாருமே சொல்லல சார். எல்லாரும் நீ நல்லா வருவேன்னுதான் சொன்னாங்க.”

ஒருத்தியையாவது காப்பாற்றிவிட்டோம் என்று இருந்தது. அந்த நிறைவில்தான், ஒரு மரியாதைக்காக, வேலை எங்கே என்று கேட்டான்.

“மரக்காணத்துல சார். நடராசன் முதலாளி உப்புக் கிடங்கு.”

மேசைமேல் கிடந்த பில் புத்தகத்தின் அட்டையில் அந்தப் பெயர்தான் அச்சாகியிருந்தது. அந்த அறையில் நாற்காலியும் ஒன்றுதான்.

“இப்ப இருக்கிறவரு ரொம்பப் படிச்சவராம். முதலாளி எது சொன்னாலும் சட்டப்படி செல்லாதுன்னு சொல்றாராம். மாசக் கடைசியோட நிறுத்தப்போறாங்க. அவருகிட்ட இன்னும் சொல்லலயாம்.”

இந்தக் கடற்கரைப் பக்கம் அப்படித்தான். வருகிறவரிடம் முதலில் பேசி முடிப்பார்கள். போகிறவனுக்குக் கடைசியில் தெரிந்தால் போதும். காலையில்கூட முதலாளி அவனிடம், “டீ குடிச்சியாப்பா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

மாதம் முடிய நான்கு நாள் இருந்தது.

“அங்க நான் படிச்சது எதுக்காவது ஆகுமா சார்?”

பதில் தானாக வந்தது. “உப்புக்கு வரி இல்லம்மா. அதை ஏத்திட்டுப் போற லாரி வாடகைக்கும் இல்ல. சாக்குக்கு மட்டும் உண்டு.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

வெளியே லாரி கிளம்பத் தயாராக உறுமியது. யாரோ சீட்டு கேட்டுக் கதவைத் தட்டினார்கள். அவன் போனைக் கையால் பொத்திக்கொண்டான். கையை எடுத்தபோது அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

“நான் வந்துட்டா அவரு எங்க சார் போவாரு? அதான் மனசுக்குக் கஷ்டமா இருக்குது.”

ஒரு சொல் போதும். எதற்கும் யோசித்துச் செய்யுங்கள் என்றால் அவள் பின்வாங்கிவிடுவாள். பதினைந்து நிமிடத்தில் இன்னும் இரண்டு மீதி இருந்தது.

“படிச்சவருன்னு சொல்றீங்களேம்மா. சென்னைக்குப் போயிடுவாரு.”



“நீங்க இவ்வளவு நேரம் சொன்னீங்களே, அந்தச் சென்னைக்கா சார்?”